தகப்பனில்லாப் பிள்ளைக்கு மட்டும்

முதலில், காலையில் எனக்கு இட்லி வாங்கி வந்த கான்ஸ்டபிளுக்கு நன்றி சொல்லிவிடுகிறேன். சட்னியில் உப்பு குறைவாக இருந்தது. அதற்கு அவர் பொறுப்பல்ல. நான் சொல்லச் சொல்ல உங்கள் ரைட்டர் எழுதுவார் என்றீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. வேண்டாம். அவருடைய கையெழுத்தைப் பார்த்தேன். நாளைக்குக் கோர்ட்டில் அதை வாசிக்கப்போகிறவரும் பிள்ளைகுட்டிக்காரர்தானே. நானே எழுதித் தருகிறேன்.

பெயர் பெருமாள்சாமி. வயது ஐம்பத்து மூன்று. சங்கரன்கோவிலுக்கு மேற்கே நாலு மைலில் இருக்கும் எங்கள் ஊருக்கு இருபத்து நாலு வருஷம் கிராம முன்சீப்பாக இருந்தேன். எனக்கு முன்னால் என் தகப்பனார், அவருக்கு முன்னால் அவருடைய தகப்பனார். சென்ற நவம்பரில் அரசாங்கம் ஒரே உத்தரவில் எங்கள் பதவிகளையெல்லாம் ஒழித்துவிட்டது. அந்த வருத்தத்தை இங்கே எழுதப்போவதில்லை. பிறப்பு இறப்புப் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. ஊரில் யார் பிறந்தாலும் இறந்தாலும் என் பேனா ஒத்துக்கொண்டால்தான் அரசாங்கம் ஒத்துக்கொள்ளும். இருபத்து நாலு வருஷத்தில் அதில் ஓர் அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது. தாலுகா ஆபீஸில் மற்ற முன்சீப்புகளைக் கூப்பிட்டு வைத்து, என் பதிவேட்டைக் காட்டித் திட்டுவார்கள். எமலோகத்துச் சித்திரகுப்தன்கூட ஒன்றிரண்டு தடவை ஆள் மாற்றிக் கூப்பிட்டதாகச் சொல்வார்கள். என்னிடம் அது நடக்காது.

இனி ஆறுமுகத்தாய் விஷயம். எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிற பேச்சித்தாயின் மகள். எழுபத்தொன்பதாம் வருஷம் அவள் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மில் முதலாளி தன் தாயார் பெயரில் நடத்தும் அறக்கட்டளை சங்கரன்கோவிலில் ஒரு பரீட்சை வைத்தது. முந்நூறு பெண்பிள்ளைகள் எழுதினார்கள். இவள் முதல். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டாவது வரை படிப்பு, விடுதி, சாப்பாடு, சீருடை, தலைக்கு எண்ணெய் உட்பட எல்லாம் இலவசம். நிபந்தனை ஒன்றே ஒன்று. தகப்பனில்லாப் பிள்ளையாக இருக்க வேண்டும். எல்லாத் தகுதியும் இருந்த பிள்ளைக்கு ஒரே ஒரு தகப்பன் மட்டும் அதிகப்படியாக இருந்தான்.

இருந்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. சிவனாண்டி அதற்கு நாலு வருஷத்துக்கு முன்னால் முப்பது ஆடுகளை ஓட்டிக்கொண்டு செங்கோட்டை வழியாக மலையாளத்துக்கு விற்கப் போனவன். ஆடுகளும் திரும்பவில்லை, அவனும் திரும்பவில்லை. ஒரு கடுதாசி கிடையாது. பேச்சித்தாய் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கூடவே வைக்க வேண்டிய இறப்புச் சான்றிதழுக்கு நான் எங்கே போவேன் என்று கேட்டாள். நான்தான் வழி சொன்னேன். அதை மறைக்கவில்லை.

"ஆள் உசுரோட இருக்காரா இல்லையான்னே தெரியல. அதுக்குள்ள தாலிய வாங்கச் சொல்லுதியளே அண்ணாச்சி" என்றாள்.

"ஏட்டி, கழுத்துல கெடக்கது ஒம் மவளுக்குச் சோறு போடுமா? படிப்புச் சொல்லிக் குடுக்குமா?"

விண்ணப்பத்தை என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனாள். பொதுவாக நான் கேட்கிற கேள்விகளுக்கு ஊரில் யாரிடமும் பதில் இருக்காது.

மலையாளத்தில் செத்தவனை என் பதிவேட்டில் எழுத முடியாது. என் எல்லைக்குள் செத்தால்தான் என் பேனா பேசும். ஆகவே அவன் பங்குனி மாதம் ஊர் திரும்பி, விஷக்காய்ச்சலில் ஒரே நாளில் இறந்ததாக எழுதினேன். என் வாழ்நாளில் எழுதிய முதல் பொய். எழுத்து அழகாகவே வந்தது. அறக்கட்டளையிலிருந்து விசாரிக்க ஆள் வருவார் என்பதால் பதினாறாம் நாள் விசேஷத்தை ஒழுங்காகச் செய்யச் சொன்னேன். ஒரு பிள்ளையின் படிப்பு என்றதும் ஊரே ஒன்றாக நின்றது. பொம்பளைகள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்து அழுதார்கள். அதில் பாதிப் பேருக்கு உயிரோடு இருந்த சிவனாண்டியைக் கண்டாலே ஆகாது. அப்படியும் குறை வைக்கவில்லை. பேச்சித்தாயின் கழுத்திலிருந்து தாலியை வாங்கினார்கள். அவள் மட்டும் அழவில்லை. விசாரிக்க வந்த மனிதர் நல்லவர். கண்ணைத் துடைத்துக்கொண்டார், பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், போய் நல்ல அறிக்கை எழுதினார்.

ஜூன் மாதம் பிள்ளையைப் பஸ் ஏற்ற ஊரே வந்தது. புதுத் தகரப்பெட்டி, புதுச் செருப்பு. எங்கள் ஊரிலிருந்து ஒரு பெண்பிள்ளை படிப்பதற்கென்று பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது, அதை ஒளிப்பானேன். பஸ் கிளம்பும்போது அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, எங்கய்யா நெசமாவே செத்துட்டாரா?"

"படிக்கப்போற பிள்ளைக்கு அந்தக் கேள்வி எதுக்கு மக்கா?" என்றேன். அவளிடம் மட்டும் பதில் இருந்ததுபோல எனக்குத் தோன்றியது. பஸ் போய்விட்டது.

ஒரு வருஷம் நிம்மதியாகப் போனது. ஆறாவதிலும் அவள்தான் முதல். அடுத்த ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் கூட்டத்தோடு கூட்டமாகச் சிவனாண்டி வந்து இறங்கினான். புருஷனைக் காண்பதற்குக் கோமதியம்மனே ஒற்றைக் காலில் தவம் நின்ற ஊர் இது. பேச்சித்தாய்க்கு அந்தச் சிரமம்கூட இல்லாமல் புருஷன் கிடைத்தான். ஆடு விற்ற காசைச் சீட்டாட்டத்தில் தொலைத்துவிட்டு, வீட்டுக்கு வர வெட்கப்பட்டு, புனலூரில் ஒரு மரமில்லில் வேலை பார்த்திருக்கிறான். வலது கையில் இரண்டு விரலை ரம்பம் எடுத்துக்கொண்டதும் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. நேராக என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, நான் செத்துட்டேனாமே?"

"ஆமாலே."

"எப்பம்?"

"போன வருசம் பங்குனி."

"என்ன சீக்கு?"

"விஷக்காய்ச்சல்."

இரண்டு விரல் போன கையால் தாடையைச் சொறிந்தான். "ரொம்பக் கஷ்டப்பட்டனோ?"

"இல்லலே. ஒரே நாளு."

"அது பரவாயில்ல" என்றான். அவன் அப்படிப்பட்ட ஆள். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கும் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

மகளுக்கு இடம் கிடைத்த கதையைச் சொன்னேன். அவனுக்கு ஒரே பெருமை. மகளுக்காக நான் செத்தேன் என்று டீக்கடையில் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். ஊரார் அவனைப் பேய் என்று கூப்பிட்டார்கள், அதற்கும் சிரித்தான். பேச்சித்தாய்க்குத்தான் பாடு. கட்டின புருஷனோடு சங்கரன்கோவில் சந்தைக்கு நடந்து போனாலும், பின்னால் ஒரு பேச்சு வந்தது. மறுபடி தாலி கட்டச் சொல்லலாமா என்று என்னிடம் ஆள் அனுப்பிக் கேட்டாள். செத்தவன் எப்படித் தாலி கட்டுவான் என்று சொல்லியனுப்பினேன்.

வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் இரு என்று அவனிடம் எத்தனையோ சொன்னேன். ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புருஷனும் பெண்டாட்டியும் பலகாரம் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டை விடுதிக்கே போய்விட்டார்கள். வாசலில் நோட்டு வைத்திருக்கிறார்கள். பெயர், பிள்ளைக்கு என்ன உறவு என்று கேட்டிருக்கிறார்கள். சிவனாண்டி, தகப்பன் என்று சொல்லிக் கைநாட்டு வைத்திருக்கிறான். தகப்பனில்லாப் பிள்ளைகளுக்கான விடுதியில். அன்று மாலை வார்டன் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு விசாரித்தாள். பிள்ளை ஒன்றையும் மறைக்கவில்லை. வார்டன் அறக்கட்டளைக்கு எழுதிவிட்டாள்.

என் நிலையை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். ஊரே சேர்ந்து அனுப்பிய பிள்ளை. ஒரு மனிதன் உயிரோடு இருப்பதால் அவள் தகரப்பெட்டியோடு திரும்பி வந்து ஆடு மேய்க்க வேண்டும். நான் முதலில் நியாயமான வழியைத்தான் சொன்னேன். நீ புனலூருக்கே போய்விடு, மறுபடி இந்தப் பக்கம் வராதே, வந்தது வேறு யாரோ என்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"எம் மவ என் கையப் பிடிச்சிக்கிட்டா அண்ணாச்சி. வெரல் இல்லாத எடத்தத் தடவித் தடவிப் பாத்தா. இனிமே எங்கயும் போவாதய்யான்னுட்டா. நான் போவ மாட்டேன்."

செப்டம்பர் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை மதியம், தனியாகப் பேச வேண்டும் என்று என் கரிசல் காட்டுக்கு வரச் சொன்னேன். பருத்தி எடுப்பு இல்லாத நேரம். ஆள் நடமாட்டம் கிடையாது. அங்கே என் பாட்டனார் வெட்டிய கிணறு ஒன்று வற்றிக் கிடக்கிறது. அடியில் பாறைதான். தண்ணீர் இருந்தால் மூச்சுத் திணறிக் கஷ்டப்பட்டிருப்பான். அந்தக் கஷ்டம் அவனுக்கு வரவில்லை. உள்சுவரில் கல் பெயர்ந்திருக்கிறதா, எட்டிப் பார்த்துச் சொல் என்றேன். சொன்னதைக் கேட்கிற ஆள். எட்டிப் பார்த்தான். எனக்குப் பெரிய பலம் ஒன்றும் தேவைப்படவில்லை. கீழேயிருந்து இரண்டு தடவை அண்ணாச்சி என்று கூப்பிட்டான். கோபமாகக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு சத்தம் இல்லை. வீட்டுக்குப் போனேன், புளிக்குழம்பு.

புருஷன் புனலூருக்குப் போய்விட்டான் என்று பேச்சித்தாயிடம் சொன்னேன். நம்பினாள். ஏற்கெனவே ஒரு தடவை போனவன்தானே. பத்து நாள் கழித்து ஆடு தேடி வந்தவர்கள் கிணற்றில் பார்த்து என்னிடம் ஓடி வந்தார்கள். அநாதைப் பிணம் கிடந்தால் ஸ்டேஷனுக்குத் தகவல் எழுத வேண்டியவன் முன்சீப். எழுதினேன். அடையாளம் தெரியாத ஆண், வலது கையில் இரண்டு விரல் இல்லை. பஞ்சாயத்தார் ஐந்து பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டு, ஆளைத் தெரியாது என்று கையெழுத்துப் போட்டார்கள். முகத்தில் அடையாளம் ஏதும் மிஞ்சவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த ஐந்து பேரும் அவனுடைய பதினாறாம் நாள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அவன் செத்துவிட்டான் என்று ஏற்கெனவே ஒரு தடவை சாட்சி சொன்னவர்கள், மறுபடி எப்படிச் சொல்வார்கள்?

இந்த மாதம் அந்தப் பிள்ளை உங்களுக்கு அனுப்பிய மனுவை நேற்றுக் காட்டினீர்கள். புத்தகத்துக்கு அட்டை போட எடுத்த பழைய பேப்பரில் போலீஸ் அறிவிப்பைப் பார்த்திருக்கிறாள். இரண்டு விரல் இல்லாத கை என் தகப்பனாருடையது, நான் பிடித்துப் பார்த்திருக்கிறேன், கிணற்றின் சொந்தக்காரரை விசாரிக்கவும் என்று எழுதியிருக்கிறாள். என்ன அழகான எழுத்து. ஒரு அடித்தல் இல்லை. படிப்பு வீண்போகவில்லை என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் யாருக்காக இதைச் செய்தேனோ அவளுக்கு அது புரிய இன்னும் வயது வரவில்லை.

கடைசியாக, நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட தேதிகள். பேச்சித்தாய்க்கு வாசிக்கத் தெரியாததால் என் விலாசத்துக்கு வந்த, என் வீட்டுப் பெட்டியில் நீங்கள் எடுத்த அறக்கட்டளைக் கடிதம் செப்டம்பர் மூன்றாம் தேதியே என் கைக்கு வந்துவிட்டது. வாசித்தேன். தகப்பனார் உயிரோடு இருப்பது அறிந்து மகிழ்ச்சி, பிள்ளை பள்ளியிலேயே முதலாக இருப்பதால் நிபந்தனையைத் தளர்த்தியிருக்கிறோம், உதவித்தொகை பன்னிரண்டாவது வரை தொடரும் என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். எனக்குப் பெரிய நிம்மதி. அந்தப் பிள்ளைக்கு இனி ஒரு குறையும் இல்லை.

கடிதத்தின் நகல் தாசில்தாருக்கும் போயிருந்தது. ஐந்தாம் தேதி அவரிடமிருந்து மெமோ வந்தது. உயிரோடு இருக்கிற ஒருவருக்கு இறப்புப் பதிவு செய்தது எப்படி, பத்தாம் தேதிக்குள் விளக்கம் தருக என்று. நான் மேலதிகாரியைக் காக்க வைக்கிறவன் அல்ல. பத்தாம் தேதி காலையிலேயே சங்கரன்கோவிலுக்குப் போய் என் விளக்கத்தை நேரில் கொடுத்தேன். ஒரே வரிதான்: மேற்படி சிவனாண்டி உயிருடன் இல்லை என்பதை நான் நேரில் இருந்து உறுதி செய்துகொண்டேன்.