எண்பது கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில்

— கிடைச்சிருச்சாக்கா?

— கிடைச்சிருச்சு, கிடைச்சிருச்சு. டாக்டர் அடிச்ச ரிப்போர்ட் ஒரு எழுத்து விடாம அப்படியே இருக்கு. முதல்ல மூச்ச விடு.

— அப்பாடா... இப்பதான்க்கா உயிரே வந்துச்சு.

— உனக்கு எதுக்குடீ இவ்வளவு பதட்டம்? ஏழு மாச வயித்தோட வராண்டாவுல ஓடி வர்ற. உட்காரு. இந்தா, தண்ணி.

— டாக்டர் ரொம்பக் கத்தினாரா?

— பின்ன? எட்டரை மணிக்கு, பாதி வாக்கியத்துல, ஆஸ்பத்திரி பூரா கம்ப்யூட்டர் தானா அணைஞ்சா கொஞ்சுவாரா? ரிப்போர்ட்டத் திறந்து காட்டினதும் சிரிச்சுட்டார்.

— மேனேஜர்?

— ஆளுங்க வர்றதுக்கு முன்னாடியே அப்டேட் வேலைய முடிங்கன்னார். அவ்வளவுதான்.

— யார் பண்ணினதுன்னு...

— கேட்டார். நான்தான்னு சொல்லிட்டேன்.

— ஐயோ, நீங்க ஏன்க்கா...

— குறுக்க பேசாத. நிஜமாவே என் தப்புதான். உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்.

— ...என்னது?

— மூணு வாரமா, நானே எல்லா மாடிக்கும் போய் அப்டேட் போட்டுட்டேன், நீ ஏறாதன்னு சொல்றேன்ல?

— ஆமா. முட்டி வலியோட பாவம்னு நானும் தினம்...

— ஒரு படி ஏறலடீ. கம்ப்யூட்டரே தானா செஞ்சுக்கிற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதிட்டேன்.

— நீங்களா! மௌஸ மாத்தி வெச்சாலே அன்னிக்குப் பூரா திட்டுவீங்களே!

— நக்கலா? வீட்டுல வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டேன். ஒரே ஒரு மேற்கோள் குறி விட்டுப்போச்சு, ரெண்டு நாள் உயிர வாங்கிடுச்சு. இப்ப எண்பது கம்ப்யூட்டர் பேரும் ஒரு ஃபைல்ல இருக்கு. காலைல ஆறு மணிக்கு அதுவே ஒவ்வொண்ணுலயும் அப்டேட் போட்டு, அணைச்சு, திரும்ப எழுப்பி விட்டுடும்.

— என்கிட்டயே ஏன்க்கா சொல்லல?

— நீ பிரசவ லீவுல போற நேரம். மெஷினே பார்த்துக்குதுன்னு மேனேஜர் காதுல விழுந்து, ஒரு ஆளே போதும்னு உன்னத் திரும்பக் கூப்பிடாம விட்டுட்டா?

— அக்கா...

— ஏய், அழாத. இன்னிக்கு ஸ்கிரிப்ட் விஷயத்தையும் சொல்லிட்டு, நேராவே கேட்டுட்டேன். அவ இடம் அவளுக்குத்தான், வேணும்னா எழுதியே தர்றேன்னுட்டார்.

— நிஜமாவா?

— நிஜமா. எனக்கு ஒண்ணு மட்டும்தான் புரியல. ஆறு மணிக்கு ஓடினது ஒழுங்கா முடிஞ்சிருக்கு. எட்டரைக்கு மறுபடி எதுக்கு ஓடிச்சு? எங்கயோ கோட்டை விட்டிருக்கேன். பேசாம அழிச்சுட்டு...

— அழிக்காதீங்க! உங்களோடதுல தப்பே இல்ல.

— உனக்கு எப்படித் தெரியும்?

— லிஃப்ட் இல்லாத கட்டடம். நான் லீவுல போயிட்டா அந்த முட்டியோட நீங்க தனியா நாலு மாடி ஏறணுமேன்னு... ரெண்டு மாசமா நானும் ஸ்கிரிப்ட் எழுதக் கத்துக்கிட்டு இருந்தேன்க்கா. ரெண்டே ரெண்டு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்க்கலாம்னு நினைச்சு, மொத்த லிஸ்ட்டையும் குடுத்துத் தொலைச்சுட்டேன். எட்டரைக்கு ஓடினது... என்னோடது.