கோமளா வீட்டு லில்லித் தொட்டி

எனக்குப் பூச்செடி என்றால் பிடிக்கும். ஏரி நடுவே இருக்கும் எங்கள் பசியாவரத்து உப்புக்காற்றில் எதுவும் லேசில் வராது. என் வாசல் அரளி மட்டும் வருடம் முழுக்கப் பூக்கும். கோமளா உங்களிடம் வந்து அழுதாளாம். சபைக் கமிட்டியார் நீங்கள் விளக்கம் கேட்பதால் எழுதித் தருகிறேன்.

பக்கத்து வீட்டுக் கோமளாவின் பூனை என் நண்டு வலைமேல் படுக்கும். வாரத்துக்கு ஒன்றிரண்டு ஓட்டை விழும். கேட்டால், "அது வலையத் தொடாதுண்ணே, எலிதான்" என்று சிரிப்பாள். புருஷன் ஏரியில் மூழ்கிப் போனபிறகு அவளுக்குப் பேச்சுத்துணை அந்தப் பூனைதான். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்கு எரியும்.

முதலில் அரளி இலையை அரைத்து மீனில் கலந்து வைத்தேன். பூனை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

ஈஸ்டருக்கு முன்பு செங்குன்றம் பக்கம் ஒரு நர்சரிக்குப் போனேன். வெள்ளை லில்லித் தொட்டியை எடுத்ததும் கடைப்பெண் தடுத்தாள். "வூட்ல பூனை கீதாண்ணா? அப்போ வாணாம். பூவுக்குள்ள கீற மஞ்சத்தூள் மேல பட்டு நக்கிச்சின்னா கிட்னி பூடும்."

பொறுப்பான பெண். இரண்டு தொட்டி வாங்கினேன். ஒன்று ஆலயத்துக்கு, ஒன்று கோமளாவுக்கு.

"எனக்குன்னு யாருண்ணே பூ வாங்கியாந்தாங்க" என்று கண் கலங்கினாள். பூனை படுக்கும் ஜன்னலோரத்தில் வைக்கச் சொன்னேன், வெயில் படும் என்று. இந்தமுறை நான் எதையும் கலக்கவில்லை. பூனை தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை அதை மீன்கூடையில் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடிவந்தாள். மற்ற படகுகள் விடியுமுன்பே போயிருந்தன.

"வாந்தியா எடுக்குதுண்ணே. அக்கரைல டாக்டராண்ட போவணும், படக எடு."

ஏரியில் அலையே இல்லை. நான் வானத்தைப் பார்த்தேன். "காத்து சரியில்ல கோமளா. நாளைக்குப் பாக்கலாம்."

எங்கள் ஊரில் படகுக்காரன் காற்றைப் பற்றிச் சொன்னால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அவள் புருஷன் மறுத்துத்தான் போனான். அவள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு மாலைவரை கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து வலை தைத்தேன்.

புதன்கிழமை செத்தது.

இப்போதும் ஓட்டை விழுகிறது. நேற்று ஒன்பது. வலைக்கடியில் எலிப் புழுக்கை கிடந்தது. அப்படியானால் அந்தப் பூனை தன் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? நான் செய்தது சரி என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

நல்ல பூனைக்குட்டி எங்காவது கிடைத்தால் சொல்லியனுப்புங்கள். என் வீட்டில் லில்லி கிடையாது.