மேஜைக்குக் கீழே ஒரு கேன்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே! முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே! ஷிப்ட் முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருக்கும் ஆலைத் தோழர்களே! நாற்காலி கிடைக்காமல் வாசலில் நிற்கும் பெரியோர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

வாசலில் நிற்பவர்களைப் பார்க்கப் பார்க்க என் வயிறு எரிகிறது. ஆம், இரங்கல் கூட்டத்தில் நின்றுகொண்டுதான் சொல்கிறேன். நாளைக்கே நான் போய்ச் சேர்ந்தால் இந்தக் கூடம் பாதியாவது நிரம்புமா? நிரம்பாது! செத்தும் என்னை முந்திவிட்டார் நம் முதுநிலை விஞ்ஞானி, நாம் செல்லமாகக் 'கேன்காரர்' என்று அழைத்த அந்த மாமனிதர். போன வாரம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவர் மேஜைக்கு அடுத்த மேஜை என்னுடையது. தாங்கிப் பிடித்தவன் நான்.

கேன்காரர் என்ற பெயர் எப்படி வந்தது? திங்கட்கிழமைக் கூட்டத்தில் நாங்கள் தயாரித்த மருந்தைச் சின்னக் குப்பியில் போட்டு மேஜைமேல் வைப்போம். ஒருமுறை நான் வைத்த குப்பியைப் பார்த்து எல்லோரும் அசந்துபோனார்கள். உப்புக்கல்போலப் பளபளவென்று படிகம்! படிகம் விழவைப்பதில் என் கைக்கு இணை கிடையாது, இதை நான் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்? கைதட்டல் அடங்கியதும் இவர் எழுந்து வெளியே போனார். ஒரு பெரிய நீலக் கேனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தார்.

"இதுவும் உன்னுதுதான்யா. பின்னாடி மறந்துட்டு வந்துட்ட. மருந்து நோயாளிக்குப் போகுது. இது யாருக்குப் போகுது?"

அத்தனையும் அந்தப் படிகத்தைச் செய்து முடித்தபின் மிஞ்சிய கரைப்பான், மருந்தைக் கரைக்க ஊற்றிய ரசாயனத்தின் நஞ்சுக் கழிவு. எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அது எங்கள் வழக்கமாகிவிட்டது. மேஜைமேல் மருந்து, மேஜைக்குக் கீழே அதன் கழிவு. கேன் இல்லாமல் வந்தால் இவர் பேசவே விடமாட்டார். என் கேனைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். இவரோ தன்னுடையதைக் கையில் ஆட்டிக்கொண்டு வருவார், ஏதோ சாப்பாட்டுக்குப் போகிறவர் மாதிரி! எனக்குக் காதில் புகை வராமல் என்ன செய்யும்?

பயிர்களின் இலைக்கருகல் நோய்க்கு மருந்து செய்தாரே, நினைவிருக்கிறதா? கரைப்பானே வேண்டாம், வெறும் தண்ணீரில் செய்கிறேன் என்றார். நடக்காது என்றேன். நடந்தது! மருந்து பாலாடைபோல மேலே மிதந்தது, வழித்து எடுத்துவிட்டார். எங்காவது தப்பு இருக்கும் என்று நம்பி நானே அதைச் செய்து பார்த்தேன். எனக்கும் மிதந்தது. எனக்கும் வந்துவிட்டதே என்ற எரிச்சலில் அன்று சோறு இறங்கவில்லை.

இன்று மாலை உள்ளே வரும்போது மருந்து கலக்கும் நம் ரியாக்டர் ஆபரேட்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், முன்னாடியெல்லாம் என் சட்டைய மட்டும் வீட்டுல தனியாத்தான் துவைப்பாங்க. அந்தக் கரைப்பான் வாடைக்குப் புள்ள பக்கத்துலயே வராது. இப்ப எல்லாத் துணியும் ஒண்ணாத்தான் சார் ஊறுது" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தோழர்களே! நான் வாங்காத பரிசா? எனக்குக் கிடைக்காத கேடயமா? ஆனால் இப்படி ஒரு வார்த்தை எனக்கு யார் சொன்னார்கள்? ஒருவரும் இல்லை!

கடைசியாக இவர் கையில் எடுத்தது குழந்தைகளின் வலிப்பு நோய்க்கான மருந்து. எல்லாப் படிகளையும் தண்ணீரிலேயே முடித்துவிட்டார். கடைசிப் படியில்தான் மாட்டிக்கொண்டார். மருந்து படிகமாகாமல் கோந்துபோலச் சட்டியில் ஒட்டிக்கொண்டது. திரும்பத் திரும்பச் செய்தார். திரும்பத் திரும்பக் கோந்து! பக்கத்து மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட்கட்டும், சொல்வோம் என்று காத்திருந்தேன். இவர் கேட்கவே இல்லை.

இவர் போன மறுநாள் இயக்குநர் என்னை அழைத்தார். "கடைசிப் படிக்கு உங்க பழைய வழியே போதும். கரைப்பான் ஊத்தி முடிச்சிடுங்க. மருந்து உங்க பேர்லயே வரட்டும்" என்றார். பொய் சொல்வானேன்? இனித்தது! இத்தனை காலம் எரிந்த வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அந்த இனிப்போடுதான் இவர் வீட்டுக்கு அண்ணியைப் பார்க்கப் போனேன். அண்ணி என்ன சொன்னார்கள் தெரியுமா?

"வீட்டுக்கு வந்தா உங்க பேச்சுதான் தம்பி. என் கையில கோந்தாப் போகுது, அவன் தொட்டா படிகமா விழும், பாவிக்கு அப்படி ஒரு கைன்னு புலம்புவார். போய்க் கேளுங்களேன்னா, அவன்கிட்டப் போய் நான் கேக்கறதான்னு கோவிச்சுக்குவார்."

ஐயோ! என்னைப் பார்த்தா? இந்தக் கூடத்தையே நிரப்பிய மனிதருக்கு என்னைப் பார்த்தா பொறாமை?

யோவ் கேன்காரரே! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? மெதுவாகக் குளிரவிடு, ஒரு துளிப் படிகத்தை முன்கூட்டியே தூவு என்று சொல்லியிருப்பேனே! இரண்டு மேஜைக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கிற இடம்தானே இருந்தது! நீயும் தாண்டவில்லை, நானும் தாண்டவில்லை. நம்மைப்போல இரண்டு முட்டாள்கள் உண்டா?

இயக்குநர் அவர்களே, மன்னிக்க வேண்டும். பழைய வழி வேண்டாம். ஒரு சொட்டுக் கரைப்பான் இல்லாமல் அந்தக் கடைசிப் படியை நான் முடிப்பேன். மருந்து அவர் பெயரில்தான் வரவேண்டும். அண்ணி சாட்சி, இந்தச் சபை சாட்சி!

நண்பா, முடிக்கிற திங்கட்கிழமை குப்பியை உன் மேஜைமேல் வைப்பேன். கீழே கேனையும் வைப்பேன். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கேன், நீ இதுவரை கொண்டு வந்த எல்லாக் கேனையும்விடச் சின்னதாக இருக்கும். எங்கே இருக்கிறாயோ, அங்கேயே இருந்து பார். பார்த்து, நன்றாக வயிறு எரி!