களியக்காவிளை தாண்டிய வெள்ளம்

சூடாமணி: …கொஞ்சம் பெரிசாக்கிக் காட்டுங்கோ. ஏன்னா, இது நம்ம கரமனையா?

சேஷன்: கரமனையாம். அக்ரஹாரமே மூழ்கிடுத்தாம். ஓட்டுமேல ஒரு எருமை நிக்கறது பார்.

சூடாமணி: நம்ம தெருவில எருமை ஏது?

சேஷன்: அதான் பொய்ங்கறேன். எந்த ஊர்லயோ எப்பவோ எடுத்த படம். கீழே வேற, ‘பத்து பேருக்கு அனுப்பவும்’.

சூடாமணி: யார் அனுப்பினா?

சேஷன்: வேற யார், தஞ்சாவூர் அத்திம்பேர்தான். என் அக்காவைக் கூட்டிண்டு இன்னிக்கு சாயங்காலம் ரயிலேற இருந்தவர், பயந்துபோய் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டார்.

சூடாமணி: அடடா… பத்து நாள் தங்கறேன்னாரே.

சேஷன்: சிரிக்கறியா?

சூடாமணி: இருமல்னா. போன தடவை காப்பி கெடுதல்னு வாட்ஸ்அப்ல பாத்தேன்னு நம்ம காப்பிப்பொடியை ஒளிச்சு வெச்சாரே… பத்து நாளும் பாவக்காய்ச் சாறு…

சேஷன்: அது வேற. பொய்ச் செய்தியைப் பிடிக்கறது எப்படின்னு அசோசியேஷன்ல ஒரு மணி நேரம் பேசினவன் நான். இது எங்கேருந்து பொறப்பட்டதுன்னு ஒவ்வொருத்தரா கேட்டுண்டே பின்னால போனேன்.

சூடாமணி: போய்?

சேஷன்: என்கிட்டயே வந்து நின்னுடுத்து.

சூடாமணி: நன்னாயிருக்கு.

சேஷன்: குழாய் ரிப்பேர்னு ரெண்டு நாளா தண்ணி வரலையேன்னு நேத்து வாட்டர் ஆபீசுக்கு விளிச்சுக் கேட்டேன். ‘நாளெ வெளுப்பினு வெள்ளம் வரும்’னான். அப்படியே தெரு குரூப்ல போட்டேன். ‘நாளைக்கு விடியக்காலம் வெள்ளம் வரும், எல்லாரும் தயாரா இருங்கோ.’

சூடாமணி: சரிதானே? தண்ணியை நாம மலையாளத்தார் மாதிரி வெள்ளம்னுதானே சொல்றோம்.

சேஷன்: இங்க சொல்லுவோம். களியக்காவிளை பார்டரைத் தாண்டினா, தமிழ்ல அது ஊரை அடிச்சுண்டு போற வெள்ளம்னா!

சூடாமணி: எருமை?

சேஷன்: அந்தப் படம் அத்திம்பேர் சேர்த்த கைங்கரியம். ஆனா, அவருக்கு இதை அனுப்பினது யாரு? இந்தத் தெருவிலயே அவர் நம்பர் இருக்கறது நம்மாத்துல மட்டும்தான்.

சூடாமணி: ஜானவியா இருக்கும்.

சேஷன்: உன் பொண்ணுக்குத் தமிழ் வாசிக்கவே தெரியாது. ஸ்கூல்ல மலையாளம்னா படிச்சா.

சூடாமணி: அடுப்பில பால் வெச்சிருக்கேன், பாத்துட்டு வரேன்.

சேஷன்: சூடா…

சூடாமணி: நீங்க எழுதினதுல ஒரு எழுத்து மாத்தலே. அப்படியேதான் அனுப்பினேன்.

சேஷன்: வெள்ளம்னா அங்க என்ன அர்த்தம்னு தெரியாதோ?

சூடாமணி: தஞ்சாவூர்ல பொறந்தவளுக்குத் தெரியாம இருக்குமா… தெரிஞ்சுதான் அனுப்பினேன். தப்புதான். போறும், அவருக்கு உண்மையைச் சொல்லிடுங்கோ. இப்ப சொன்னாலும் வேற டிக்கெட் எடுத்துண்டு வந்துடுவார்.

சேஷன்: திருத்தம் காலம்பறவே எழுதியாச்சுடி. படத்தைப் பார்த்து ஃபோன் பண்ணின அத்தனை பேருக்கும் அனுப்பியாச்சு. அத்திம்பேருக்கு மட்டும்… ரயில் முதல்ல தஞ்சாவூரை விட்டுக் கிளம்பட்டும்.