சாறு ஏன் வெளுத்தது

ஜுபைதா பீவி ஆகிய எனக்கு மூட்டுவலி. உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார முடியாது. வண்ணார்பேட்டையில் அர்ஷியா திறந்த ராமென் என்கிற ஜப்பான் நூடுல்ஸ் கடையில் அந்த ஸ்டூல்தான் உண்டு, அதனால் இதை முதலில் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொல்லி ஜமாத் கமிட்டியில் கேட்டீர்கள். தருகிறேன்.

அர்ஷியா என் பக்கத்து வீட்டு நஃபீஸத்தின் ஒரே மகள். ஒன்பது வருஷம் துபாயில் ஜப்பான்காரன் அடுப்படியில் வேலை பார்த்துவிட்டு, இனி உம்மாவோடுதான் இருப்பேன் என்று வந்தவள். கடை ஓடினால் இங்கே இருக்கலாம். ஓடாவிட்டால் மறுபடி விமானம்.

கடை ஓடியது. அல்வாவுக்கு நிற்பதுபோல் சனம் நூடுல்ஸுக்கு நின்றது.

"ஊரே சாப்பிடுது லாத்தா, நீங்க மட்டும் வரல" என்று நஃபீஸத் என்னை இழுத்துக்கொண்டு போனாள். டோக்கன் பதினேழு. எங்கள் தெருவில் புது ஓட்டல் திறந்தால், போகலாமா கூடாதா என்று பெண்கள் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அந்த நான் டோக்கனோடு நின்றேன். எனக்கு முன்னால் போன பிள்ளைகள் கிண்ணத்தை நாலு பக்கமும் படம் பிடித்து, சூடு ஆறின பிறகு வாயில் வைத்து, ருசி அபாரம் என்றார்கள்.

எங்கள் கிண்ணம் வந்தது. குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிசு. அரைவேக்காட்டு முட்டை, கறுப்பாக ஒரு கடல்பாசி, இரண்டு குச்சி. நஃபீஸத் உறிஞ்சிய சத்தம் ஆற்றுப்பாலம் வரை கேட்டிருக்கும்.

"பையக் குடி தாயி."

"சத்தம் போட்டுக் குடிச்சாத்தான் மரியாதையாம் லாத்தா. எம்மவ சொல்லுதா."

எம்மவ சொல்லுதா. ஒரு கிண்ணம் முடிவதற்குள் பதினோரு தடவை. என் மகன் யாசர் சவூதிக்குப் போய் ஆறு வருஷம். வெள்ளிக்கிழமை போன் பண்ணுவான், சில வெள்ளிக்கிழமை மறந்துவிடுவான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சாறு பால்போல் வெளுத்திருந்தது. அர்ஷியாவைக் கேட்டேன்.

"கோழி எலும்பைப் பதினாலு மணி நேரம் கொதிக்க விட்டா கரைஞ்சு வெளுத்துரும் பெரியம்மா. கோழி நம்ம சிராஜுதீன் அண்ணன் கடைதான்."

சிராஜுதீன் என் தம்பி மகன். அவன் அறுக்கிற கோழியைத்தான் நானும் சாப்பிடுகிறேன். நின்றபடியே சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். ருசியில் குறை சொல்ல இடமில்லை. சங்கடமே அதுதான்.

வியாழக்கிழமை என் வீட்டில் பெண்கள் யாசீன் ஓதக் கூடினார்கள். முடிந்து டீ குடிக்கையில் ஷஃபீகா கேட்டாள். "ராமென் எப்படி மாமி?"

"நல்லாத்தான் இருந்துச்சு. கோழிச்சாறு அப்படி வெளுக்குமா தாயி? ஜப்பான்ல அதை எதுல காய்ச்சுதாங்க?"

அவள் செல்போனைத் தட்டினாள். முகம் மாறியது. "பன்னி எலும்புல, மாமி."

"நான் ஒண்ணும் சொல்லல. கேட்டேன், அவ்வளவுதான்."

அந்த வார்த்தையை என் வாயால் உச்சரிக்கக்கூட இல்லை. 'ஜுபைதா பீவி கேட்டாங்களாம்' என்று என் வீட்டை விட்டுப் போன பேச்சு, மறுநாள் ஜும்ஆவுக்குள் 'ஜுபைதா பீவி கண்ணால பாத்தாங்களாம்' என்று திரும்பி வந்தது. நம் சனம் கடைப்பக்கம் போவதை நிறுத்தியது. பாய்மாருங்களே போகல, நமக்கெதுக்கு என்று மற்ற சனங்களும் நின்றுகொண்டார்கள். அர்ஷியா கோழிக்கடைச் சீட்டையெல்லாம் கண்ணாடியில் ஒட்டினாள். ஒன்றுமில்லாமலா ஒட்டுதா என்றார்கள்.

என்னிடமும் வந்தாள். "கோழிதான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் பெரியம்மா."

"எனக்குக் கண்ணு மங்கல் தாயி. நான் என்னத்தக் கண்டேன்."

நாற்பதாம் நாள் கடையைப் பூட்டி, பேச்சைக் கிளப்பியது யார் என்று விசாரிக்கச் சொல்லி உங்களிடம் மனுவைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினாள்.

இப்போது நஃபீஸத் சாயங்காலமானால் பழையபடி என் வீட்டுக்கு வருகிறாள். வெள்ளிக்கிழமைகளில் இருவரும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். "எம்மவ பொழப்புல மண்ணள்ளிப் போட்டது யாரு லாத்தா?" என்பாள். டீயைக் குடி தாயி, ஆறிப்போவுது என்பேன்.

கேட்டது நான்தான். கோழி என்று தெரிந்தே கேட்டேன். கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஒரே ஒரு விண்ணப்பம். இதை நஃபீஸத்துக்கு வாசித்துக் காட்டாதீர்கள். தனியாகக் கிடக்கிறவள், பாவம். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.