சுடுற விரலில் மை

மலேசியாவின் செனாய் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஓட்டுப் போடும் வரிசையில் எனக்கு முன்னால் அக்காளும் தங்கையும் நின்றார்கள். இருவருக்கும் நாற்பதுக்கு மேல் இருக்கும். தங்கை திடீரென்று இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“இந்த விரல்ல மை வைக்க விடமாட்டேன்க்கா. இது நான் சுடுற விரல்.”

முன்னால் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அலமாக்! கேம்ல சுடுறதுன்னு சேர்த்துச் சொல்லுடி!”

“இன்னிக்கு ராத்திரி எங்க டீமுக்கு ஃபைனல். மை பட்டு, போன் என் விரல கண்டுக்கலன்னா?”

“அப்ப வீட்டுக்குப் போ. ராத்திரி பத்து மணிக்கு மேல கேமெல்லாம் மூடணும்னு ஒருத்தர் மேடை மேடையா பேசுறாரே, அவரே ஜெயிக்கட்டும்.”

“ஐயோ, எனக்கு ஃபேக்டரி ஷிஃப்ட் முடியறதே பத்து மணிக்கு!”

“அது அவருக்கு எப்படித் தெரியும்? கேம் ஆடுறதெல்லாம் சின்னப் பசங்க, அவங்களுக்கு ஓட்டு இல்லன்னு நெனச்சிட்டாரு. நீ விரல பத்திரமா வச்சுக்க லா. சுடுறதுக்குத்தான் கேம் இருக்காது.”

தங்கை கையை முன்னால் கொண்டுவந்தாள். அக்காளையே முந்திக்கொண்டு உள்ளே போனாள்.

நான் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தபோது, தங்கை வாசலில் நின்று மை விரலால் கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, சுடுது! நல்லா சுடுது!” என்று குதித்தாள்.

“விரல் வேலை செய்யுது. ஓட்டு வேலை செஞ்சுச்சான்னு ராத்திரி பாப்போம்” என்றாள் அக்காள்.