இருமுற எஞ்சின்

— கையை எடுங்கோ, கஜேந்தினியக்கா. அது விளையாட்டுச் சாமான் இல்லை, சத்தம் பிடிக்கிற சாம்பிளர்.

— என்ர புருசன்ர சத்தத்தையும் இதுக்குள்ளதானே பிடிச்சு வைச்சிருக்கிறாய், தர்சன்?

— லக்சன் என்ர சிநேகிதன். விரும்பித்தான் தந்தவன்.

— ஓம், தந்தவர். கடலுக்குப் போன மனுசன் திரும்பி வரேல்லை, நீ அவற்ற குரலைப் பாட்டுக்குள்ள போட்டு வித்துப்போட்டாய். திருக்கோணமலை முழுக்க ஓட்டோவில அவர்தான் கத்துறார். மீன் வாங்கப் போன நான் கூடையோட நடுறோட்டில நிண்டு அழுதனான். வெக்கமா இல்லையோ உனக்கு?

— அது அவன்ர நினைவா அடிச்ச பாட்டு.

— நினைவோ? உடம்பு கூடக் கிடைக்கேல்லை. படத்தை வைச்சு முப்பத்தொண்டாம் நாள் காரியம் செய்தனாங்கள். நீ எங்கட படலைப் பக்கமும் வரேல்லை. சிநேகிதனாம்.

— இப்ப என்ன, பாட்டை அழிக்கவோ?

— எனக்கு நீ பிடிச்ச அவற்ற குரல் முழுசும் வேணும். அவர் கடலுக்குப் போன அண்டைக்குக் காலமை நீங்கள் ரெண்டு பேரும் ஜெற்றியில கனநேரம் நிண்டதைப் பக்கத்து வீட்டுக் கனகம்மா கண்டவ. அவற்ற போனும் அவரோட போட்டுது. பிள்ளைக்குப் போட்டுக் காட்ட என்னட்ட ஒரு சொல்லுக்கூட இல்லை.

— முழுசும் இல்லை அக்கா. இதில கனக்க வைக்க ஏலாது. வேண்டிய துண்டை வெட்டி எடுத்திட்டு மிச்சத்தை அழிச்சிடுவன்.

— அப்ப ஏன் உனக்கு இப்பிடி வேர்க்குது?

— ஃபேன் வேலை செய்யேல்லை.

— தலைக்கு மேல சுத்துது, பார்.

— வீட்டை போங்கோ அக்கா. எனக்கு வேலை கிடக்கு.

— பாட்டில டுக்கு டுக்கெண்டு இருமுறதும் எங்கட போட் எஞ்சின்தானே? அதுக்குத்தானே எல்லாரும் ஆடுறாங்கள். அந்த எஞ்சின்தான் நடுக்கடலில நிண்டது. ஸ்டார்ட் வராமல் காத்துக்குள்ள அம்பிட்டவர். போட் மட்டும் புல்மோட்டைப் பக்கம் பிரண்டு கிடந்தது.

— தெரியும். சொல்லாதேங்கோ.

— எஞ்சின் இருமாமல் ஓட எண்டு புது பிளக் வாங்கி, சாப்பாட்டுப் பைக்குள்ள நான்தான் வைச்சுவிட்டனான். மாத்த அஞ்சு நிமிசம் காணும். அந்தளவு சோம்பல் மனுசனுக்கு. இண்டைக்கும் படத்துக்கு முன்னால நிண்டு அதுக்குத்தான் அவரைத் திட்டுறன்.

— திட்டாதேங்கோ அவனை.

— என்ர புருசனை நான் திட்டுவன், நீ ஆர் கேக்க? தள்ளு. எல்லாப் பொத்தானையும் அமத்திப் பாக்கிறன்.

— அந்தக் கடைசிப் பொத்தானை மட்டும் வேண்டாம்.

— இதையோ? கையை விடு, தர்சன். கத்தி ஊரைக் கூட்டுவன்.

— அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன்.

— "பொறு மச்சான். கஜி புது பிளக் தந்துவிட்டவள். மாத்திப்போட்டு வெளிக்கிடுறன்."

— அவர்தான். அவற்ற குரல். கஜி எண்டுறார்.

— நிப்பாட்டுங்கோ, அக்கா.

— "வேண்டாம் லக்சன், மாத்தினா இந்த இருமல் போயிடும். இப்பிடியே கடலுக்கு இறங்கு, நான் கரையில நிண்டு சத்தத்தைப் பிடிக்கிறன். பிளக்கை நாளைக்கு மாத்தலாம்."